வலி மாத்திரை தாலுகா ஆஸ்பத்திரியிலேயே கிடைக்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பிப்ரவரி 4, உலகப் புற்றுநோய் நாளையொட்டி உங்கள் நாளிதழ் வெளியிட்ட பக்கத்தை வரி விடாமல் படித்தேன். முன்கூட்டியே கண்டுபிடித்தால் குணப்படுத்தலாம் என்று எல்லாக் கட்டுரைகளிலும் இருந்தது. நல்ல சேதிதான். ஆனால் நோய் உடலின் மற்ற இடங்களுக்கும் பரவிய நான்காம் கட்டத்தில் கண்டுபிடிக்கப்பட்டவர்களுக்கு என்ன வழி என்று ஒரு வரிகூட இல்லை. என் அக்கா அவர்களில் ஒருத்தி. அதனால்தான் எழுதுகிறேன்.

குடவாசல் பக்கம் கிராமம். நடவு, களையெடுப்பு என்று வயலிலேயே வாழ்ந்தவள். பீடி, புகையிலை எதையும் தொட்டதில்லை. இருமல் நிற்காதபோது முதலில் பார்த்த இடத்தில், சளியில் கிருமி இல்லை என்று வந்த பிறகும் காசநோய் மாத்திரை கொடுத்தார்கள். மாதங்கள் ஓடின. நெஞ்சில் நீர் கோத்து மூச்சு வாங்கியதும் தஞ்சாவூருக்குக் கொண்டுபோனோம். சதை எடுத்துச் சோதித்து, நுரையீரல் புற்று, எலும்புக்கும் பரவிவிட்டது என்றார்கள். "உங்க மாமா சிகரெட் பிடிப்பாரா?" என்று கேட்காத ஆள் ஊரில் இல்லை. புகைக்கே போகாத பெண்களுக்கும் இது வருகிறது. அவர்களில் பலருக்கு இ.ஜி.எஃப்.ஆர். என்ற மரபணுவில் மாற்றம் இருக்கும். இருந்தால் தினம் ஒரு மாத்திரையிலேயே நோயைக் கொஞ்ச காலம் கட்டிவைக்கலாம் என்றார் டாக்டர். அக்காவுக்கு இருந்தது. ஜெஃபிடினிப் என்ற அந்த மாத்திரையைத் தொடங்கினார்கள். முகமெல்லாம் பருவாக வெடித்தது, வயிற்றுப்போக்கும் வந்தது. ஆனால் இருமல் அடங்கியது.

அடங்காதது இடுப்பு வலி. அக்காவால் படுக்க முடியாது. திண்ணைத் தூணைக் கட்டிப் பிடித்தபடி உட்கார்ந்தே விடியவைப்பாள். பக்கத்து வீட்டுக்குக் கேட்கும் என்று வாய்விட்டு அழ மாட்டாள். சேலைத் தலைப்பைச் சுருட்டிப் பல்லில் கடித்துக்கொள்வாள். மாமா தெருவில் நடந்துகொண்டே இருப்பார். ஊசி போட்டால் கொஞ்ச நேரம் தாங்கும், அப்புறம் பழையபடிதான்.

தஞ்சாவூரில் ஒரு டாக்டரம்மா, கடும் வலிக்குக் கொடுக்கும் மார்ஃபின் மாத்திரை எழுதிக் கொடுத்தார். நாலு மணி நேரத்துக்கு ஒன்று, கடிகாரம் பார்த்துக் கொடுக்க வேண்டும், வலி வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது, மலம் இறுகும், அதற்கும் கூடவே மருந்து உண்டு என்று பொறுமையாகச் சொன்னார். எலும்புக்குக் கதிர்வீச்சும் கொடுத்தார்கள். பிறகு ஒருநாள் நான் போனபோது அக்கா முற்றத்தில் கால் நீட்டி உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். "வாடா, கீரை வதக்குறேன், சாப்பிட்டுட்டுப் போ" என்றாள். அவள் தன் வாயால் சோற்றுப் பேச்சு எடுத்து எத்தனையோ நாளாகியிருந்தது.

சொந்தக்காரர்கள் பயந்தார்கள். "அது கடைசி நேரத்துக்குக் கொடுக்குறதாச்சே", "போதைக்குப் பழகிடுவா" என்றார்கள். வலிக்கு ஏற்ற அளவில் டாக்டர் மேற்பார்வையில் கொடுத்தால் அந்தப் பயத்துக்கு இடமே இல்லை என்றார் டாக்டரம்மா. மூச்சுத் திணறலையும் மார்ஃபின் தணிக்கும். அவர் சொன்ன இன்னொன்றும் முக்கியம். அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் பரவிய நிலை நுரையீரல் புற்றாளர்களை வைத்து நடந்த ஆய்வு 2010இல் வெளியானது. புற்றுநோய் சிகிச்சையோடு, வலி போன்ற தொல்லைகளைக் குறைக்கும் நோய்த் தணிப்புச் சிகிச்சையையும் தொடக்கத்திலேயே பெற்றவர்களில் பாதிப் பேர் 11.6 மாதங்களைத் தாண்டி வாழ்ந்தார்கள். வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களுக்கு அது 8.9 மாதம்தான். வலியையும் மனச்சோர்வையும் கவனித்ததில் ஆயுளும் கூடியிருக்கிறது. கைவிரித்த பிறகு கொடுக்கும் சிகிச்சையாக இதை ஏன் ஒதுக்கி வைத்திருக்கிறோம்?

எங்கள் பாடு மாத்திரை தீரும்போதுதான். பக்கத்து அரசு மருத்துவமனையில் கேட்டால், "அது இங்க வராதுங்க" என்கிறார்கள். மருந்துக் கடைக்காரர் சீட்டைப் பார்த்ததுமே திருப்பிக் கொடுத்துவிடுகிறார். கும்பகோணம் போய், அங்கிருந்து தஞ்சாவூருக்கு இன்னொரு பஸ். அறுப்பு நாளில் மாமாவுக்கு அன்றைய கூலி போச்சு. ஐப்பசி, கார்த்திகை மழையில் ரோட்டில் தண்ணீர் நின்றால் போகவே வழியில்லை. மற்ற மாத்திரை ஒருநாள் தள்ளிப்போனால் சமாளிக்கலாம். இது ஒரு வேளை தவறினாலும் அக்கா தூணைத் தேடிப் போகிறாள்.

மார்ஃபின் கிடைக்காததற்கு 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்தின் கெடுபிடி ஒருகாலத்தில் காரணமாக இருந்தது. 2014இல் அதைத் திருத்தி, மருத்துவமனைகள் இதை வாங்கி வைக்கப் பல உரிமங்களுக்குப் பதில் ஒரே உரிமம் போதும் என்று ஆக்கிவிட்டார்கள். மார்ஃபின் எடுக்கும் அபின் மத்தியப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் அரசு உரிமத்தோடு பயிராகிறது. விலையும் அதிகமில்லை. நம் நாட்டு விவசாயி விளைவிக்கும் மருந்து நம் ஊர் நோயாளிக்கு எட்டாமல் இருப்பது மனதை அறுக்கிறது.

குடவாசல், நன்னிலம், வலங்கைமான், திருத்துறைப்பூண்டி, வேதாரண்யம் என எல்லாத் தாலுகா அரசு மருத்துவமனைகளிலும் மார்ஃபின் மாத்திரை இருப்பு இருக்க வேண்டும். அதைக் கொடுக்கப் பயிற்சி பெற்ற டாக்டர் ஒருவராவது வேண்டும். வீடு தேடி வந்து மருத்துவம் பார்க்கத் தமிழக அரசு 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் நோய்த் தணிப்புச் சிகிச்சையும் அடக்கம். அந்தத் திட்டத்தில் எங்கள் தெருவுக்கு பி.பி., சுகர் மாத்திரை கொண்டுவரும் அம்மா அத்தனை அக்கறையானவர். அவரைப் போன்றவர்களுக்குப் பின்னால் தாலுகா அளவில் ஒரு டாக்டரும் மருந்தும் இருந்தால் எத்தனையோ வீடுகள் நிம்மதியாகத் தூங்கும்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். திருவாரூர், தஞ்சாவூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களில் எந்தெந்த அரசு மருத்துவமனையில் மார்ஃபின் மாத்திரை கிடைக்கிறது, எந்தக் கிழமை, யாரைப் பார்க்க வேண்டும் என்று விசாரித்து உங்கள் மாவட்டப் பக்கத்தில் வெளியிடுங்கள்.

– ஒரு வாசகர், திருவாரூர் மாவட்டம்