பாடசாலை அபிவிருத்திச் சங்கம், மட்டக்களப்பு: செயலாளரின் ஆண்டறிக்கை

சங்கத் தலைவராகிய அதிபர் அவர்களே, ஆசிரியர்களே, பெற்றோர்களே, பழைய மாணவர்களே, வணக்கம்.

கூரை, வேலி, தண்ணீர்த்தாங்கி வேலைகள் பொருளாளரின் கணக்கறிக்கையில் இருக்கின்றன. இவ்வறிக்கை பெரும்பாலும் தரம் 9 முதல் உயர்தரம் வரை எல்லாப் பாடங்களிலும் ஒரே விதமாகக் கொண்டுவந்த கற்றல் முறைகளைப் பற்றியது.

1980இல் கலிபோர்னியாவின் சான் டியாகோவில் மேரி கேத்தரின் சுவான்சன் என்ற ஆங்கில ஆசிரியை 32 மாணவர்களோடு தொடங்கியது ‘அவிட்’ திட்டம். எழுதுதல், வினவுதல், கூடிக் கற்றல், ஒழுங்காக வைத்திருத்தல், வாசித்தல் ஆகிய ஐந்தையும் பாட வேறுபாடின்றிப் பழக்குவது அதன் வழி. ஐந்தையும் ஒரேயடியாகத் தொடங்கினால் ஒன்றும் நிலைக்காது என்பதால் இவ்வாண்டு குறிப்பெடுத்தலும் குழுவாக வினவுதலும் மட்டுமே எடுக்கப்பட்டன.

குறிப்பெடுக்கும் முறை கோர்னெல் பல்கலைக்கழகத்தில் வோல்ட்டர் போக் 1950களில் வகுத்தது. சீ.ஆர். கொப்பியின் பக்கத்தில் இடப்புறம் மூன்றிலொரு பங்கையும் அடியில் ஐந்து வரியையும் கோடு கிழித்து ஒதுக்க வேண்டும். பாடம் நடக்கும்போது வலப்புறத்தில் மட்டும் எழுதுவது. அன்றைக்கே இடப்புறத்தில் கேள்விகள். அடியில் சொந்தச் சொற்களில் இரண்டு வசனம். பிறகு வலப்புறத்தை மறைத்துக்கொண்டு இடப்புறக் கேள்விகளுக்கு வாய்விட்டு விடை சொல்ல வேண்டும். பலன் இந்தக் கடைசி வேலையில்தான். பிள்ளைகள் விட்டுவிடுவதும் இதைத்தான்.

பிழைத்த இடங்களும் உண்டு. இடப்புறத்தில் ‘ஒளித்தொகுப்பு’ என்று எழுதினால் அது தலைப்பு. ‘மாப்பொருள் சோதனையில் இலையை ஏன் மதுசாரத்தில் கொதிக்கவைக்கிறோம்?’ என்று எழுதினால்தான் கேள்வி. ஆசிரியர் குறிப்பைச் சொல்லச் சொல்ல எழுதும் வகுப்பில் இந்த முறை வெறும் கோடாகவே நிற்கும். எதை எழுதுவது, எதை விடுவது என்று பிள்ளை தீர்மானிக்க அங்கே ஒன்றுமில்லை. ஆகவே பாடவேளையின் கடைசி 5 நிமிடத்தைக் கேள்வி எழுதவே விட வேண்டும். ரியூசனில் கொடுக்கும் அச்சிட்ட குறிப்பான ரியூட்டை வெட்டி ஒட்டிய கொப்பிகள் பார்வைக்கு அழகு, வேறொன்றுமில்லை.

வினவும் குழுவில் ஏழு பேர். ஒவ்வொருவரும் தான் தடுமாறிய இடத்தை எழுதிக்கொண்டு வர வேண்டும். ‘இருபடிச் சமன்பாடு விளங்கல்ல’ என்பதை ஏற்பதில்லை. ‘x² + 6x + 5ஐ (x + 3)² − 4 ஆக்கும்போது 9 எங்கிருந்து வந்தது, ஏன் கழிபடுகிறது?’ என்ற அளவுக்குக் குறுகி வந்தால் பாதி வேலை முடிந்தது. மற்ற ஆறு பேரும் விடை சொல்லக் கூடாது, திருப்பிக் கேள்விதான் கேட்கலாம்: ‘(x + 3)²ஐ விரித்துப் பார், என்ன வருகிறது?’ கெட்டிக்காரப் பிள்ளை அவசரப்பட்டு விடையைச் சொல்லிவிடுவதே இங்குள்ள பெரிய தொல்லை. அவரையே முதலில் பலகைக்கு அனுப்பிக் கேள்விக்கு நிற்கவைத்தால் அடங்குகிறது. முடிவில் ஒவ்வொருவரும் விளங்கிய படிமுறையைத் தன் கொப்பியில் எழுதாவிட்டால் அடுத்த கிழமை அதே கேள்வி திரும்பி வருகிறது.

இக்குழுக்களைப் பாடசாலை விட்டபின் வைத்தது சங்கத்தின் தவறு. வாவிக்கு மேற்கே படுவான்கரையிலிருந்து வரும் பிள்ளைகள் பஸ்ஸைப் பார்ப்பார்களா, பலகையைப் பார்ப்பார்களா? இப்போது கிழமைக்கு இரண்டு பாடவேளை நேரசூசிக்குள்ளேயே ஒதுக்கப்பட்டுள்ளது.

தொழில் வழிகாட்டல் பற்றிச் சுருக்கமாக. பல்கலைக்கழக அனுமதியில் பெரும்பாலான கற்கைநெறிகளுக்கு 40 வீதம் அகில இலங்கைத் திறமை, 55 வீதம் மாவட்டம், 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்கள். மட்டக்களப்பும் அம்பாறையும் இந்த ஐந்து வீதப் பட்டியலில் உள்ளவை. இந்த அனுமதிக்குப் பார்க்கப்படும் இசட் புள்ளி, ஒருவர் தன் பாடத்துக்குத் தோற்றியவர்களின் சராசரியிலிருந்து எவ்வளவு விலகி நிற்கிறார் என்பதைக் காட்டுவது. ‘லேசான பாடம்’ தேடும் கணக்கு அங்கே பலிக்காது. தொழினுட்பக் கல்லூரி என்றதும் முகம் சுளிக்கும் பெற்றோருக்கு ஒரு வார்த்தை: தொழிற்கல்விப் படிகளைக் குறிக்கும் தேசிய தொழிற்தகைமையில் (என்.வி.கியூ.) மட்டம் 5, 6 டிப்ளோமா, மட்டம் 7 பட்டம்.

அடுத்த ஆண்டுக்கு வாசிப்புப் பயிற்சி எடுக்கப்படும். மாரி வெள்ளத்தில் நாட்கள் போய்விடுவதால் முதலாம் தவணையிலேயே தொடங்க வேண்டும். கோடிட்ட கொப்பி அச்சிடும் யோசனையைச் செயற்குழு கைவிட்டது. பிள்ளையே அடிமட்டம் வைத்துக் கிழிக்கட்டும், அந்தப் பணத்தில் குழுவுக்கொரு சிறு வெண்பலகை வாங்கலாம். அதற்கான பிரேரணை இன்றைய நிகழ்ச்சிநிரலில் இருக்கிறது.

செயலாளர்