நூலக வரியை நூலகத்துக்குக் கொடுங்கள்: எங்கள் நகர்மன்றத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நகர்மன்றத் தலைவர், துணைத் தலைவர், உறுப்பினர்கள், ஆணையர் அவர்களுக்கு,

வணக்கம்.

கிளை நூலகத்துக்குக் கழிப்பறை கேட்ட எங்கள் கோரிக்கையைப் போன கூட்டத்திலும் ஒத்திவைத்துவிட்டீர்கள். நிதிநிலை சீரானதும் பரிசீலிக்கலாம் என்று முடிவானதாக எங்கள் வார்டு உறுப்பினர் வந்து சொன்னார். நகராட்சிக் கஜானாவிலிருந்து யாரோ தானம் கேட்டது போல மன்றத்தில் பேச்சு போனதாகவும் சொன்னார். அதைக் கேட்டுத்தான் இந்த மடலை எழுத உட்கார்ந்தேன்.

நாங்கள் தானமும் கேட்கவில்லை, மானியமும் கேட்கவில்லை. சொத்து வரியோடு சேர்த்து எங்களிடம் நூலக வரி என்று சொல்லி வாங்கிய பணத்தை நூலகத்துக்குக் கொடுங்கள் என்றுதான் கேட்டோம். இந்த மடலிலும் அதையேதான் கேட்கப் போகிறேன்.

நூலகத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். கடைக்குப் பின்னால் வீடு. காலையில் நான் ஷட்டரைத் தூக்கும்போதே, நூலகர் வந்து பூட்டைத் திறப்பதற்கு முன்பே, படிக்கட்டில் பிள்ளைகள் உட்கார்ந்திருப்பார்கள். குரூப் 4, போலீஸ் தேர்வு, ஆசிரியர் தகுதித் தேர்வு என்று ஆளுக்கொரு புத்தகம் மடியில் இருக்கும். பாதிக்கு மேல் பெண்கள். சுற்றுக் கிராமங்களிலிருந்து மகளிர் கட்டணமில்லாப் பேருந்தில் வந்து இறங்குகிறவர்கள். டவுனில் கோச்சிங் சென்டரில் சேர வசதியில்லாதவர்கள். வீட்டில் படிக்க உட்கார்ந்தால் 'அடுப்பைப் பார், தம்பியைப் பார்' என்று எழுப்பப்படுகிறவர்கள். அவர்களுக்கு இந்த ஊரில் யாரும் கேள்வி கேட்காமல் உட்காரக் கிடைத்த ஒரே நாற்காலி அந்த நூலகத்தில்தான் இருக்கிறது.

அங்கே கழிப்பறை இல்லை. இருந்தது. போன மழைக்காலத்தில் செப்டிக் டேங்க் இடிந்து உள்வாங்கியதும் கதவைக் கட்டுக்கம்பியால் முறுக்கிக் கட்டினார்கள். கம்பி துருப்பிடித்துவிட்டது, கதவு இன்னும் அப்படியே இருக்கிறது. ஆண்கள் சுற்றுச்சுவருக்குப் பின்னால் சாக்கடை ஓரம் போகிறார்கள். பெண்கள் என்ன செய்கிறார்கள் என்று மன்றத்தில் யாராவது கேட்டீர்களா?

ஒரு பெண் என் கடைக்கு வந்து ஆதார் அட்டையை நீட்டி ஒரு காப்பி கேட்டாள். எடுத்துக் கொடுத்தேன். மறுநாளும் வந்து அதே அட்டையை நீட்டினாள். பிறகு ஒருநாள் மறுபடியும் அதே அட்டை. "எதுக்கும்மா இத்தனை காப்பி? எங்கேயாவது அப்ளை பண்றியா?" என்று கேட்டேன். சில்லறையைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டே நின்றாள். அப்புறம் மெதுவாக, "அக்கா, உள்ள பாத்ரூம் போயிட்டு வரட்டுமா?" என்றாள்.

சும்மா வந்து கேட்க அவளுக்குக் கூச்சம். இரண்டு ரூபாய்க்கு ஒரு காப்பி எடுத்துவிட்டால் கேட்கலாம் என்று நினைத்து வந்திருக்கிறாள். முதல் இரண்டு முறையும் காப்பி எடுத்த பிறகும் வாய் வரவில்லை, அப்படியே திரும்பிப் போயிருக்கிறாள்.

அன்றைக்கு எனக்கு வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை. அடக்கிக்கொண்டுதான் எழுதுகிறேன்.

இப்போது எல்லோரிடமும் சொல்லிவிட்டேன், யார் வேண்டுமானாலும் வரலாம், காப்பி எடுக்க வேண்டாம் என்று. வருகிறார்கள். ஆனால் எங்கள் வீட்டில் இருப்பது ஒரே கழிப்பறை. படுக்கையில் இருக்கும் மாமியாரையும் அங்கேதான் கூட்டிப்போக வேண்டும். நகராட்சிக் குழாயில் தண்ணீர் என்றைக்கு வரும் என்பது உங்களுக்கே தெரியும். இன்னொருவர் வீட்டுக்குள் நுழையக் கூச்சப்படும் பெண்கள் இப்போதும் வருவதில்லை. அவர்கள் காலையிலிருந்து தண்ணீர் குடிப்பதில்லை. பாட்டிலைத் திறந்து உதட்டை மட்டும் நனைத்துக்கொண்டு மூடிவிடுகிறார்கள். கத்திரி வெயில் காலத்தில்கூட இதே கதைதான். நீர்க்கடுப்போடு மருந்துக்கடையில் போய் நிற்கிறார்கள். மதியத்துக்கு மேல் தாங்க முடியாமல் புத்தகத்தை மூடிவிட்டுப் பேருந்து நிறுத்தத்துக்கு நடக்கிறார்கள். மாதவிலக்கு நாட்களில் அந்தப் பக்கமே வருவதில்லை.

2025 ஜூலையில் நடந்த குரூப் 4 தேர்வில் 3,935 பணியிடங்களுக்கு 13 லட்சம் பேருக்கு மேல் விண்ணப்பித்தார்கள். ஒரு மதிப்பெண்ணில் எத்தனையோ ஆயிரம் பேரைத் தாண்ட வேண்டிய தேர்வு. அதற்கு ஆண் பிள்ளைகள் இரவு பூட்டும்வரை உட்கார்ந்து படிக்கிறார்கள், பெண் பிள்ளைகள் மதியத்தோடு எழுந்து போகிறார்கள். இதற்குக் காரணம் அவர்களுடைய படிப்பும் இல்லை, சோம்பலும் இல்லை. ஒரு கழிப்பறை.

தமிழ்நாட்டில் உள்ளாட்சிப் பதவிகளில் பெண்களுக்கு 50 சதவீத இடஒதுக்கீடு வந்துவிட்டது. எங்கள் நகர்மன்றத்திலும் பாதி நாற்காலிகளில் பெண்கள்தான் இருக்கிறீர்கள். அக்கா, தங்கச்சி என்று உரிமையோடு கேட்கிறேன்: இதை உங்களுக்கும் நான் விளக்கித்தான் ஆக வேண்டுமா?

சரி, பணத்துக்கு வருகிறேன்.

வீட்டுக்கும் கடைக்கும் நான் சொத்து வரி கட்டுகிறேன். அந்த வரியின் மேல் பத்து சதவீதம் நூலக வரி. 2,000 ரூபாய் வரி என்றால் 200 ரூபாய் நூலகத்துக்கு என்று கணக்கு. 2022-ல் சொத்து வரியை 25 முதல் 150 சதவீதம் வரை உயர்த்தியபோது நூலக வரியும் கூடவே ஏறியது. முணுமுணுத்துக்கொண்டேதான் கட்டினோம், ஆனாலும் கட்டினோம். அரையாண்டின் முதல் மாதத்திலேயே கட்டினால் ஐந்து சதவீதம் ஊக்கத்தொகை என்று ஆட்டோவில் மைக் கட்டிச் சொன்னீர்கள். தவறினால் மாதத்துக்கு இத்தனை சதவீதம் என்று வட்டி போடுகிறீர்கள். கட்டாத வீட்டின் வாசலில் நோட்டீஸ் ஒட்டுகிறீர்கள். நாங்கள் கட்டிய நூலக வரியை ஆண்டுக்கணக்கில் வைத்துக்கொண்டிருக்கும் நகராட்சிக்கு யார் நோட்டீஸ் ஒட்டுவது? யார் வட்டி போடுவது?

அந்தப் பணம் நகராட்சியின் வருமானம் இல்லை. உங்கள் கணக்குப் புத்தகத்திலேயே அதைக் கொடுக்க வேண்டிய பாக்கி என்றுதான் எழுதுகிறீர்கள். நீங்கள் வசூலித்து, நூலகங்களை நடத்தும் மாவட்ட நூலக ஆணைக்குழுவிடம் ஒப்படைக்க வேண்டும், அவ்வளவுதான் சட்டம் உங்களுக்குக் கொடுத்த வேலை. செலுத்தாததைத் தணிக்கையில் எழுதுகிறார்கள், நீங்களும் பதில் எழுதுகிறீர்கள், அடுத்த தணிக்கையிலும் அதே குறிப்பு வருகிறது. எங்கள் வாசகர் வட்டம் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டதற்கு, நிதி நிலைமைக்கு ஏற்ப செலுத்தப்படும் என்று பதில் வந்தது. அடுத்தவர் பணத்தைத் திருப்பிக் கொடுப்பதற்கு என்ன நிதி நிலைமை வேண்டும்?

நூலகத்துறை அலுவலகத்துக்குப் போனால், நகராட்சி பாக்கியைக் கட்டட்டும், உடனே எஸ்டிமேட் போடுகிறோம் என்கிறார்கள். நகராட்சிக்கு வந்தால், நூலகம் எங்களுடையது இல்லை, அந்தத் துறையில் போய்க் கேளுங்கள் என்கிறார்கள். நூலகம் உங்களுடையது இல்லை என்றால் நூலக வரி மட்டும் எப்படி உங்களுடையதானது?

உங்கள் கஷ்டம் எனக்குப் புரியாமல் இல்லை. மின்வாரியத்துக்குக் கட்ட வேண்டும், குடிநீர் வாரியத்துக்குக் கட்ட வேண்டும், தூய்மைப் பணியாளர்களுக்குத் தேதி தவறாமல் சம்பளம் போட வேண்டும். சம்பளத்தை நிறுத்தி நூலகத்துக்குக் கொடுங்கள் என்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன். ஆனால் ஒன்று நடக்கிறது. கட்டவில்லை என்றால் மின்வாரியம் ஃபியூஸைப் பிடுங்கும், அதனால் அங்கே எப்படியாவது பணம் போய்விடுகிறது. நூலகரால் எதையும் பிடுங்க முடியாது. சத்தம் போடத் தெரியாத இடமாகப் பார்த்து ஒவ்வொரு பட்ஜெட்டிலும் கை வைக்கிறீர்கள்.

அதன் விளைவை நான் எதிரே உட்கார்ந்து பார்க்கிறேன். நாளிதழ்கள் குறைந்துவிட்டன. மேஜைக்கு மேல் ஒரு மின்விசிறி ஓடவில்லை. நூலகர் ரசீதுப் புத்தகத்தோடு கடைத் தெருவில் இறங்கி, ஆயிரம் ரூபாய் கொடுத்துப் புரவலர் ஆகுங்கள் என்று கடை கடையாகக் கேட்கிறார். மளிகைக் கடைக்காரரும் கொடுக்கிறார், நானும் கொடுத்திருக்கிறேன். ஏற்கெனவே வரியாகக் கொடுத்தவர்களிடமே மறுபடி நன்கொடை கேட்கும் நிலைமைக்கு ஒரு அரசு ஊழியரைத் தள்ளியிருக்கிறீர்கள். அந்த மனிதர் கடை வாசலில் நின்று தயங்கும்போது எனக்குத்தான் தலை குனிகிறது.

1948-ல் அன்றைய சென்னை மாகாணம் போட்டது சுதந்திர இந்தியாவின் முதல் பொது நூலகச் சட்டம். நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதன் பல ஆண்டு வலியுறுத்தியதன் பலன் அது. அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி அமைச்சராக இருந்தபோது நிறைவேறியது. நூலகத்துக்கென்று தனியாக ஒரு வரி வைத்ததற்குக் காரணமே, ஆட்சிக்கு வருகிறவர்களின் மனநிலையையும் கையிருப்பையும் நம்பி நூலகம் நிற்கக் கூடாது என்பதுதான். நீங்கள் அதே வரியை உங்கள் கையிருப்போடு கலந்துவிட்டு, கையிருப்பு சரியில்லை என்கிறீர்கள்.

இன்னொன்றையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. சென்னைக் கோட்டூர்புரத்தில் அண்ணா நூற்றாண்டு நூலகம் 2010-ல் வந்தது. மதுரையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் 2023-ல் வந்தது. என் மகளைக் கூட்டிக்கொண்டு மதுரைக்குப் போய்ப் பார்த்தேன். குழந்தைகள் பகுதியை விட்டு அவள் கிளம்பவே இல்லை. அரசாங்கம் பிள்ளைகளுக்காக இப்படி ஒன்று கட்டியிருக்கிறதே என்று மனம் நிறைந்துதான் வந்தேன். ஆனால் 2006 முதல் 2011 வரை அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் ஊராட்சிதோறும் நூலகம் கட்டினார்களே, அதில் எத்தனை இன்றைக்குத் திறந்திருக்கின்றன? என் தாய்வீட்டு ஊரில் அந்தக் கட்டடத்தில் சிமெண்ட் மூட்டை அடுக்கியிருக்கிறார்கள். பெரிய நகரத்தில் திறப்பு விழா நடக்கிறது, சின்ன ஊரில் பூட்டு தொங்குகிறது. மதுரைக்குத் தினமும் போய்ப் படிக்க முடியுமா எங்கள் ஊர்ப் பெண்ணால்? அவளுக்கு இந்தக் கிளை நூலகம்தான் மதுரை, இதுதான் சென்னை. வீடு தேடிப் புத்தகம் கொடுக்க 'நூலக நண்பர்கள்' என்று தன்னார்வலர்களைச் சேர்த்தார்கள், நல்ல திட்டம். நூலகம் தேடி வருகிறவளுக்கு ஒரு கதவும் தாழ்ப்பாளும் தண்ணீரும் கொடுக்க யாரைச் சேர்ப்பது?

இதற்கெல்லாம் நீங்கள் மட்டும் பொறுப்பில்லை என்பது தெரியும். பல உள்ளாட்சிகளில் இதே பாக்கி இருக்கிறது. கோபத்தில் எங்கெங்கோ போய்விட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். உங்களால் முடிகிறதை மட்டும் பணிவோடு கேட்கிறேன்.

அடுத்த கூட்டத்தில் இந்தக் கோரிக்கையை முதலில் எடுங்கள். நகராட்சி இதுவரை வசூலித்த நூலக வரி எவ்வளவு, ஆணைக்குழுவுக்குச் செலுத்தியது எவ்வளவு, பாக்கி எவ்வளவு என்பதை ஆண்டுவாரியாக அலுவலக அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். மொத்தப் பாக்கியையும் ஒரே நாளில் கட்டச் சொல்லவில்லை. தவணையாகவே கட்டுங்கள், ஆனால் தவணைத் தேதியைத் தீர்மானத்தில் எழுதுங்கள். இனிமேல் வசூலாகும் நூலக வரியைத் தனி வங்கிக் கணக்கில் போட்டு, மாதம் பிறந்ததும் அனுப்பிவிடுங்கள். வேறு எந்தச் செலவுக்கும் அதில் கை வைக்காதீர்கள். மாவட்ட நூலக அலுவலருக்கும் இந்த மடலின் நகலை அனுப்புகிறேன். முதல் தவணை வந்ததும் எங்கள் நூலகத்தில் பெண்களுக்குத் தனிக் கழிப்பறை, தண்ணீர்த் தொட்டியோடு, நாப்கின் போடும் தொட்டியோடு கட்ட வேண்டும் என்று அவரிடமும் கேட்டிருக்கிறேன்.

அதுவரைக்கும் ஒன்று செய்யுங்கள். தேர்த் திருவிழாவுக்குத் தெற்கு வீதியில் நிறுத்துவீர்களே, நடமாடும் கழிப்பறை வண்டி, அது வருஷத்தில் பெரும்பாலான நாள் நகராட்சி வண்டிக் கொட்டகையில் சும்மாதான் நிற்கிறது. அதை நூலக வளாகத்தில் கொண்டுவந்து நிறுத்துங்கள். பக்கத்து வீட்டு ஆழ்துளைக் கிணற்றிலிருந்து தண்ணீர் கொடுக்க அந்த வீட்டுக்காரர் சம்மதித்துவிட்டார். வண்டியைக் காலையில் திறந்து இரவில் பூட்டும் வேலையை வாசகர் வட்டம் பார்த்துக்கொள்ளும். இதற்குத் தீர்மானம்கூடத் தேவையில்லை என்று நினைக்கிறேன். ஆணையர் ஒரு உத்தரவு போட்டால் திங்கட்கிழமை வண்டி வந்துவிடும்.

தயவுசெய்து எழுத்துமூலம் பதில் கொடுங்கள்.

இப்படிக்கு,
கிளை நூலகத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடை நடத்தும்,
வீட்டுக்கும் கடைக்கும் பாக்கியில்லாமல் வரி கட்டும் ஒரு வாசகி