பிள்ளையார் குடித்த பாலும் சின்ன மாமாவின் சர்க்கரையும்

அன்புள்ள இளங்கோ,

போனில் பேசினால் நீ "மீட்டிங் இருக்கும்மா" என்பாய், எனக்கும் சொல்ல வந்ததில் பாதிதான் வாயில் வரும். அதனால் எழுதுகிறேன். இங்கே பினாங்கு சுங்கை டுவாவில் மூன்று நாளாக மழை. துணி காயவில்லை, எனக்கும் வேறு வேலை ஓடவில்லை.

தீபாவளியன்று சாப்பாட்டு மேசையில் நடந்ததைப் பற்றித்தான். நீ மெல்பர்ன் போய்ச் சேர்ந்து இத்தனை நாள் ஆகியும் உன் பெயரை எடுத்தால் சின்ன மாமா முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். உன்னைத் திட்ட வரவில்லை. பாதிக்கு மேல் நான் உன் கட்சிதான்.

அலகு குத்தினால் ரத்தம் வருவதில்லை, இதைவிட முருகனுக்கு என்ன அத்தாட்சி வேண்டும் என்றார் மாமா. நீ தாய்லாந்தின் புக்கெட்டைச் சொன்னாய். அங்கே சீனர்கள் ஒன்பது பேரரசத் தெய்வங்களுக்கு விரதமிருந்து கன்னத்தில் வாளையே செருகிக்கொள்கிறார்களே, அது எந்தச் சாமிக்கு அத்தாட்சி என்று கேட்டாய். நல்ல கேள்வி. மாமா கொஞ்சம் யோசித்துவிட்டு "எல்லாச் சாமியும் ஒண்ணுதான்" என்று சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, வடையைக் கடித்து மறைத்தேன்.

அதோடு விட்டிருக்கலாம். நீ இங்கிலாந்துத் தத்துவவாதி ரஸ்ஸலின் தேநீர்க் குடுவையை எடுத்தாய். பூமிக்கும் செவ்வாய்க்கும் நடுவே ஒரு பீங்கான் குடுவை சூரியனைச் சுற்றுகிறது, எந்தத் தொலைநோக்கியிலும் தெரியாத அளவுக்குச் சின்னது என்று ஒருவன் சொன்னால், இல்லை என்று நிரூபிப்பது நம் வேலையில்லை, உண்டு என்பவன்தான் காட்ட வேண்டும் என்றாய். சரியான வாதம். ஆனால் முப்பது வருடமாகத் தேநீர்க் கடை வைத்திருக்கிற மனிதரிடம் குடுவையைப் பற்றிப் பேசினால் என்ன ஆகும்? அவர் கடையை நீ கிண்டல் செய்வதாக எடுத்துக்கொண்டார். இன்றுவரை அப்படித்தான் நினைக்கிறார். ரஸ்ஸல் அதை 1952-ல் ஒரு பத்திரிகை கேட்டதற்காக எழுதிக் கொடுத்தார், கேட்ட பத்திரிகை கடைசியில் போடவே இல்லை. அவர்களும் பயந்தார்களோ என்னவோ.

ரஸ்ஸலைப் பற்றி எனக்கு எப்படித் தெரியும் என்று பார்க்கிறாயா? நீ படித்துப் போய்ச் சேர்ந்த இடத்தில்தான் நான் பிறந்தேன். எனக்கு நாத்திகம் பிறந்த வீடு, ஆத்திகம் புகுந்த வீடு.

பெரியார் 1929 டிசம்பரில் கப்பலில் பினாங்கு வந்து இறங்கியபோது உன் தாத்தா சின்னப் பையன். 1954 கடைசியில் இரண்டாம் முறை மலாயா வந்தபோது, துறைமுகத்தில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்த தாத்தா கூட்டத்துக்குப் போனார். திரும்பி வந்ததும் வீட்டிலிருந்த சாமிப் படங்களை எல்லாம் கழற்றிவிட்டார். பாட்டி ஒன்றும் சொல்லவில்லை. முருகன் படம் ஒன்றை மட்டும் அரிசி டின்னுக்குள் வைத்துவிட்டார். எனக்கு ஏழு வயதில் அரிசி அளக்கும்போது கையில் தட்டுப்பட்டது. பாட்டி வாயில் விரலை வைத்து "உஷ்" என்றார். சாமியைப் பற்றி எனக்கு முதலில் கிடைத்த உபதேசம் அதுதான்.

1970 ஆகஸ்ட் 31-ல் ருக்குன் நெகாரா என்று மலேசியாவின் தேசியக் கோட்பாடுகளை அறிவித்தார்கள். எனக்குப் பதின்மூன்று வயது. பள்ளி அசெம்பிளியில் வலது கையைத் தூக்கிக்கொண்டு முதல் கோட்பாட்டைச் சொன்னோம்: 'கெப்பெர்ச்சாயாஆன் கெப்பாடா துஹான்', இறைவன் மீது நம்பிக்கை வைத்தல். வீட்டில் இல்லாத சாமி நாட்டில் முதலாவதாக இருந்தார். "நீ ஏன் சொன்னே?" என்று தாத்தா கேட்டார். "எல்லாரும் சொன்னாங்க" என்றேன். "அதுதான் கோயில்லயும் நடக்குது" என்றார். மனிதர் பேச்சில் கெட்டிக்காரர். கோவூர் பெயரைச் சொல்லாமல் அவருக்கு ஒரு வாரம் போகாது. இலங்கையிலிருந்த ஆபிரகாம் கோவூர், மோசடிக்கு இடமில்லாத ஏற்பாட்டில் யாராவது அற்புதம் செய்து காட்டினால் ஒரு லட்சம் ரூபாய் தருகிறேன் என்று 1963-ல் சவால் விட்டார். 1978-ல் அவர் சாகும்வரை ஒருத்தர்கூட வாங்கவில்லை.

பதினாறு வயதில் திருட்டுத்தனமாகத் தைப்பூசத்துக்குப் போனேன். தெரிந்து தாத்தா இரண்டு மாதம் என்னோடு பேசவில்லை. கோயிலுக்குப் போகாதே என்றவர் அதற்குக் காரணம் எதுவும் சொல்லவில்லை, "நான் சொல்றேன், கேளு" என்றார். அது அவர் வாயால் வந்த ஆகமம் என்று எனக்கு அப்போது சொல்லத் தெரியவில்லை.

இதே தாத்தா 1977-ல், ஐம்பத்தைந்து வயதானதும், இபிஎஃப் சேமநிதிப் பணத்தை மொத்தமாக எடுத்து கொக்கோ தோட்டத்தில் பங்கு என்று ஒரு கூட்டாளியிடம் கொடுத்தார். அந்த ஆள் மேடையில் அழகாகப் பேசுவார், கறுப்புச் சட்டை போடுவார். தாத்தா தோட்டத்தைப் போய்ப் பார்க்கவில்லை, ரசீதும் வாங்கவில்லை. தோட்டமும் இல்லை, ஆளும் இல்லை. வாழ்நாள் முழுக்கக் கடவுளைக் கேட்ட கேள்வியில் ஒன்றையாவது அந்த ஆளிடம் கேட்டிருந்தால் பாட்டியின் சங்கிலி தப்பித்திருக்கும். நம்மோடு ஒத்துப் பேசுகிறவனிடம் ஆதாரம் கேட்க நமக்கு வாய் வருவதில்லை. உனக்கும் அப்படி ஒரு கூட்டம் அங்கே இருக்கும், கொஞ்சம் பார்த்துக்கொள்.

பால் விஷயம் உனக்கு நினைவிருக்கிறதா? உனக்கு எட்டு வயது. 1995 செப்டம்பர் 21-ல் டெல்லியில் பிள்ளையார் பால் குடிக்கிறார் என்று கிளம்பி, உலகம் முழுக்கப் போன் பறந்தது. நான் பாயான் லெப்பாஸ் ஃபேக்டரியில் ஷிஃப்ட் முடிந்து வருகிறேன், நம் வீட்டுக் கூடத்தில் பக்கத்து வீட்டு அக்கா, அவர் தங்கை, மாமா எல்லாரும் நிற்கிறார்கள். கல் பிள்ளையார் தும்பிக்கையில் கரண்டியை ஒட்டிப் பிடித்தார்கள். பால் கரண்டியில் குறைந்துகொண்டே போனது. அக்கா அழுதேவிட்டார்.

நான் கரண்டி விளிம்பைப் பார்த்தேன். பாலின் மேல்பரப்பு தும்பிக்கையைத் தொட்டதும் லேசாக மேலே எழும்பி ஒட்டிக்கொண்டது. அது எனக்குத் தெரிந்த வளைவு. இருபது வருடமாக மைக்ரோஸ்கோப்பில் பார்த்தது. ஐசி என்கிற மின்னணுச் சில்லின் காலில் சூடு பட்டதும், அதை ஒட்டவைக்கிற சோல்டர் ஈயம் உருகித் தானாக மேலே ஏறும், யாரும் இழுக்க வேண்டாம். அதிகமாக ஏறினால் ரிஜெக்ட். பால் ஏறி, கல்லோடு கண்ணுக்குத் தெரியாமல் மெல்லிசாக வழிந்து இறங்குகிறது, அவ்வளவுதான். நான் வாயைத் திறக்கவில்லை. தாத்தா திறந்தார். மஞ்சள் தூளைக் கொண்டுவரச் சொல்லிப் பாலில் கலந்தார். பிள்ளையாரின் வயிற்றில் மஞ்சள் கோடு இறங்கி எல்லாருக்கும் தெரிந்தது. அப்புறம் என் பீங்கான் ஜாடிக்கும் பால் கொடுத்தார், அதுவும் குடித்தது! டெல்லியில் விஞ்ஞானிகளும் பாலில் சாயம் கலந்துதான் காட்டினார்கள் என்று பிறகு பேப்பரில் வந்தபோது அதை வெட்டிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஒரு மாதம் அலைந்தார்.

அன்று இரவு நான் பிள்ளையாரைக் கழுவித் துடைத்து விளக்கேற்றினேன். தாத்தா பார்த்துவிட்டு, "இன்னும் எதுக்கு?" என்றார். பால் குடிப்பார் என்று நான் எப்போது சொன்னேன் என்று கேட்டேன். அவருக்குப் பதில் இல்லை. எனக்கும் அதற்குமேல் சொல்ல ஒன்றும் இல்லை. உண்மையைச் சொன்னால், இன்றும் இல்லை. கடவுள் இருக்கிறார் என்பதற்கு என்னிடம் ஆதாரம் கிடையாது இளங்கோ. நீ கேட்டால் தோற்றுப்போவேன்.

தாத்தா எனக்கு மணிமேகலை சொல்லிக்கொடுத்ததைச் சொல்லியிருக்கிறேனா? புத்த மதக் கதை என்பதால் அதற்கு மட்டும் எங்கள் வீட்டில் அனுமதி. வஞ்சி நகரத்தில் மணிமேகலை ஒவ்வொரு மதத்துக்காரனிடமும் போய் உன் தத்துவம் என்ன என்று கேட்பாள். கடைசியாகப் பூதவாதி, உலகில் பொருளைத் தவிர வேறொன்றும் இல்லை என்பவன். தாதகிப் பூவும் வெல்லக்கட்டியும் சேர்ந்தால் கள்ளில் போதை பிறக்கிற மாதிரி, நிலம், நீர் மாதிரியான பூதங்கள் சேர்ந்தால் உணர்வு பிறக்கிறது, பிரிந்தால் போய்விடும், கண்ணால் காண்பது மட்டுமே பிரமாணம், அனுமானம் செல்லாது என்பான். இந்த இடத்தைத் தாத்தா ரசித்து ரசித்துப் படிப்பார், அதோடு புத்தகத்தை மூடிவிடுவார். மிச்சத்தை நான் தனியாகப் படித்தேன். மணிமேகலை சிரித்துவிட்டுக் கேட்கிறாள்: அப்படியானால் உன் அப்பா அம்மா யார் என்பதை அனுமானத்தால் அல்லாமல் வேறெப்படி அறிந்தாய்?

இதை வைத்து உன்னை மடக்கிவிட்டேன் என்று நினைக்காதே. உங்கள் விஞ்ஞானம் அனுமானத்தை ஏற்றுக்கொள்வதுதான், மணிமேகலைக்கும் உலகத்தைப் படைத்த கடவுள் என்று ஒருவர் இல்லை. இப்போது ரத்தம் எடுத்தே அப்பா யார் அம்மா யார் என்று பார்த்துவிடலாம். ஆனால் நீ பார்த்ததில்லை, பார்க்கத் தோன்றியதும் இல்லை. ஏன்? அதை வைத்து யாரும் உன்னிடம் எதுவும் பிடுங்கவில்லை. சொத்துக்குக் கேஸ் போட்டால் கோர்ட் கேட்கும், அப்போது பார்க்கலாம்.

ஃபேக்டரியில் கியூசியில், அதாவது தரம் பார்க்கிற பிரிவில், நாங்கள் செய்தது இதுதான். ஒரு தொகுதிச் சரக்கை லாட் என்போம். பொம்மைக்குப் போகிற லாட் என்றால் நாலைந்து சாம்பிள் எடுத்துப் பார்த்து அனுப்புவோம். காரின் பிரேக்குக்குப் போகிறது என்றால் ஒவ்வொன்றையும் பார்ப்போம், சூட்டிலும் குளிரிலும் போட்டு மறுபடியும் பார்ப்போம். ஒரே ஐசிதான். அது எங்கே போய் உட்காரப் போகிறது என்பதைப் பொறுத்து நாங்கள் கேட்கிற அத்தாட்சி மாறும். நான் வெள்ளிக்கிழமை விளக்கேற்றுவது பொம்மை லாட் என்று வைத்துக்கொள். உனக்குச் சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள், எனக்கு வருத்தமில்லை.

ஆனால் மாமாவிடம் இப்போது பிரேக் லாட் ஒன்று இருக்கிறது. அதைத்தான் சொல்ல வந்தேன், இவ்வளவு சுற்றிவிட்டேன்.

ஒரு சாமியார். பெயர் வேண்டாம். விபூதியும் ஏதோ மூலிகைப் பொடியும் கொடுத்து, சர்க்கரை போய்விடும், மாத்திரையை நிறுத்து என்றிருக்கிறார். மாமா ஆறு மாதமாக நிறுத்திவிட்டார். யாருக்கும் சொல்லவில்லை. தீபாவளியன்று நீங்கள் இருவரும் பிரபஞ்சத்தைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தபோது அவர் இலையில் நாலாவது அதிரசம். எனக்கும் அப்போது தெரியாது. போன வாரம் கால் விரலில் புண் ஆறவில்லை என்று அத்தை சொன்ன பிறகுதான் தெரிந்தது. கிளினிக்குக்கு இழுத்துக்கொண்டு போனேன். காலையில் சாப்பிடாமல் வந்து விரலில் குத்திப் பார்த்ததில் அவ்வளவு மோசமில்லை. உடனே "பார்த்தியா, சாமி சொன்னது" என்றார். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையையும் பார்க்கச் சொன்னேன். 10.4. ஏழுக்குள் இருக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். மெஷின் கோளாறு என்கிறார் மாமா.

நான் சொன்னால் "அக்கா உனக்கு என்ன தெரியும்" என்பார். நீ ஆய்வகத்தில் இருப்பவன். ரத்தச் சிவப்பணு சுமார் 120 நாள் உயிரோடு இருக்கும், அத்தனை நாளும் ரத்தத்தில் ஓடிய சர்க்கரை அதில் ஒட்டிக்கொண்டே வரும், முதல் நாள் பட்டினி கிடந்து அதை ஏமாற்ற முடியாது என்பதை நீ சொல். படம் போட்டுக் காட்டு. மெஷினில் சந்தேகமென்றால் வேறு கிளினிக்கில் இன்னொரு தடவை எடுக்கட்டும், ஐம்பது அறுபது வெள்ளி, நான் கொடுக்கிறேன். பொடி வேலை செய்கிறது என்பவர் அதைக் காட்டட்டும், உன் குடுவை வாதத்துக்கு இதைவிட நல்ல இடம் கிடைக்காது. முருகனை மட்டும் இழுக்காதே. மாத்திரை போட்டுக்கொண்டே விபூதியும் பூசிக்கொள்ளலாம், அதில் உனக்கு ஒரு நஷ்டமும் இல்லை.

நீ சொன்னால் கேட்பார். நாலு வயதில் உன்னைத் தோளில் வைத்துத் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு ஏறியவர் அவர். 2012-ல் கட்டிய புதுக் கோயிலின் 513 படி இல்லை, அது பழைய கோயில், ஆனாலும் ஏற்றம் ஏற்றம்தான். இறங்கும்போது நீ அவர் சட்டையில் வாந்தி எடுத்தாய்.

வியாழக்கிழமை இரவு மாமா இங்கே சாப்பிட வருகிறார். எனக்கு எட்டு மணி, உனக்குப் பதினொன்று, தூங்கிவிடாதே. போனை அவர் கையில் கொடுத்துவிட்டு நான் சமையல்கட்டுக்குப் போய்விடுவேன். ரத்தப் பரிசோதனைச் சீட்டைப் படம் எடுத்து உனக்கு அனுப்பியிருக்கிறேன். எடுத்தவுடன் அதை ஆரம்பிக்காதே. முதலில் "மாமா, கடை எப்படிப் போகுது?" என்று கேள்.

அம்மா