65 வயதுக்கு முன்பே ஓய்வு பெறுகிறவர்களுக்கு: மெடிகேர் வரும்வரை மருத்துவக் காப்பீடு

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். வரிக் கணக்கு வேலையாக நியூ ஜெர்சியில் எங்கள் ஓக் ட்ரீ ரோடு அலுவலகத்துக்கு வருகிறவர்களில் பலர், எல்லாம் முடிந்து கிளம்பும்போது கதவைப் பிடித்தபடி ஒரு கேள்வி கேட்கிறார்கள். "அடுத்த வருடம் வேலையை விட்டுவிடலாம் என்றிருக்கிறேன். இன்சூரன்சுக்கு எந்த பிளான் மலிவு?" தொண்ணூறுகளில் எச்-1பி விசாவில் வந்து இறங்கியவர்கள் இப்போது அறுபதை எட்டிக்கொண்டிருக்கிறார்கள். வீட்டுக் கடன் அடைந்துவிட்டது, பிள்ளைகள் வேலைக்குப் போய்விட்டார்கள். மெடிகேர் என்ற அரசு மருத்துவக் காப்பீடு மட்டும் 65 வயது ஆகட்டும் என்கிறது. கதவருகே நின்று பாதி பதில் சொல்லி அனுப்புவதைவிட, முழுவதையும் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

எந்த பிளான் மலிவு என்பது இரண்டாவது கேள்வி. அடுத்த ஆண்டு உங்கள் வரிக் கணக்கில் எவ்வளவு வருமானம் வரப்போகிறது என்பதே முதல் கேள்வி. ஏன் என்று சொல்கிறேன்.

2014 முதல், சர்க்கரை நோய், ரத்தக் கொதிப்பு, இதயத்தில் வைத்த ஸ்டென்ட் என்று எதைக் காட்டியும் காப்பீட்டு நிறுவனம் உங்களை மறுக்க முடியாது, அதற்காகக் கூடுதல் பிரீமியமும் கேட்க முடியாது. ஆனால் வயதைக் காட்டிக் கேட்கலாம். 21 வயதுப் பையனிடம் வாங்குவதைப்போல மூன்று மடங்கு வரை 64 வயதுக்காரரிடம் வாங்கச் சட்டம் இடம் தருகிறது. எனவே அறுபதைத் தாண்டிய தம்பதிக்கு மானியம் இல்லாமல் முழு விலை என்றால், மாதம் 2,000 டாலரைத் தாண்டுவதெல்லாம் சாதாரணம். அந்த விலையைக் கீழே இறக்குவது அரசு தரும் வரி மானியம். அது வருமானத்தைப் பார்த்து வருவது. வங்கியில் எவ்வளவு சேமிப்பு இருக்கிறது, வீடு எத்தனை லட்சம் போகும் என்றெல்லாம் அது கேட்பதில்லை.

2021 முதல் 2025 வரை மானியத்தைத் தாராளமாக்கி வைத்திருந்தார்கள். அது 2025 முடிவோடு முடிந்தது. 2026-க்குப் பழைய கோடு திரும்ப வந்திருக்கிறது: வறுமைக்கோட்டு வருமானத்தின் நான்கு மடங்கு. தனியாளுக்கு 62,600 டாலர், இருவருக்கு 84,600 டாலர். தம்பதியின் வருமானம் 84,000 என்றால், சில்வர் என்ற நடுத்தர வகையில் இரண்டாவது மலிவான பிளானுக்கு அவர்கள் தருவது வருமானத்தில் 9.96 சதவிகிதம், மாதத்துக்குச் சுமார் 700 டாலர். மீதியை அரசு கட்டும். வருமானம் 85,000 ஆனால் மத்திய அரசின் மானியம் ஒரு சென்ட் கூடக் கிடையாது. நியூ ஜெர்சி அரசு வறுமைக்கோட்டின் 600 சதவிகிதம் வரை தன் பங்குக்குக் கொஞ்சம் உதவுகிறது, ஆனால் அது இந்தப் பள்ளத்தை நிரப்பப் போதாது. முன்பெல்லாம் வருமானத்தைக் குறைத்து மதிப்பிட்டுக் கூடுதல் மானியம் வாங்கிவிட்டால், திருப்பிக் கட்டுவதற்குப் பலருக்கு ஓர் உச்சவரம்பு இருந்தது. 2026 வருமானத்திலிருந்து அதையும் எடுத்துவிட்டார்கள். கோட்டைத் தாண்டினால் வாங்கிய முழுவதையும் வரியோடு சேர்த்துக் கட்ட வேண்டும்.

ஒரு தம்பதியின் கதையை அவர்கள் அனுமதியோடு சொல்கிறேன். கணவருக்கு 61, மனைவிக்கு 59. அவர் ஐ.டி. துறைக்காரர். விரிதாளில் எல்லாவற்றையும் போட்டு, நிறம் தீட்டிக் கொண்டுவந்திருந்தார். 401(கே) என்ற ஓய்வுக்காலச் சேமிப்புக் கணக்கிலிருந்து எடுப்பது, பங்குகளின் டிவிடெண்டு, வட்டி எல்லாம் சேர்த்து 82,500. "கோட்டுக்குள் இருக்கிறேன்" என்றார். நான் வழக்கமாகக் கேட்பதைக் கேட்டேன்: "ஊரில் ஏதாவது இருக்கிறதா?" "ஒன்றும் இல்லை" என்றார் அவர். பக்கத்தில் இருந்த மனைவி கைப்பையைத் திறந்துகொண்டே, "திருச்சியில் என் பெயரில் என்.ஆர்.இ. வைப்பு இருக்கிறதே" என்றார். வெளிநாட்டில் வாழும் இந்தியர் ஊர் வங்கியில் போடும் வைப்பு அது. வருடத்துக்கு மூன்றரை லட்சம் ரூபாய் வட்டி, ஏறக்குறைய 4,000 டாலர். "அதற்குத்தான் வரி கிடையாதே" என்று கணவர் சொன்னது இந்தியாவைப் பொறுத்தவரை சரி. அமெரிக்காவில் அது வரிக்குரிய வருமானம். 86,500 ஆகிவிட்டது. (முந்தைய ஆண்டுகளின் வட்டி கணக்கில் வராமல் போனதைச் சரிசெய்தது வேறு கதை. உங்களுக்கும் அப்படி இருந்தால், கூச்சப்படாமல் வந்து சொல்லுங்கள்.)

சரிசெய்யக் கஷ்டப்படவில்லை. 401(கே)-யிலிருந்து எடுப்பதில் 3,000 டாலரைக் குறைத்து, அந்தத் தொகையைச் சாதாரண சேமிப்பிலிருந்து எடுத்துக்கொள்ளச் சொன்னோம். சேமித்த முதலை எடுப்பது வருமானம் ஆகாது. ரோத் (முன்பே வரி கட்டிய பணத்தைப் போடும் ஓய்வுக்காலக் கணக்கு) கணக்கிலிருந்து தகுதியோடு எடுக்கும் பணமும் வருமானத்தில் வராது. இன்னொரு வழியும் இருக்கிறது. 2026 முதல், மார்க்கெட்பிளேஸ் என்ற அரசுக் காப்பீட்டுச் சந்தையில் பிரான்ஸ் (bronze, வெண்கலம்) என்ற மலிவு வகை பிளான்கள் அனைத்தும், எச்.எஸ்.ஏ. என்ற மருத்துவச் சேமிப்புக் கணக்குக்குத் தகுதி பெற்றுவிட்டன. இருவருக்குமான பிளானில் 2026-இல் 8,750 டாலர் போடலாம், 55 வயது ஆனவர் தன் பெயரிலுள்ள கணக்கில் இன்னும் 1,000 போடலாம். போடும் தொகை வருமானத்திலிருந்து கழியும். நியூ ஜெர்சி மாநில வரியில் மட்டும் இந்தக் கழிவு கிடையாது.

ஒரு எச்சரிக்கை. வேலையை விட்ட ஆண்டுகளில் வருமானம் குறைவாக இருக்கும், அப்போதே 401(கே) பணத்தை ரோத்துக்கு மாற்றிவிடுங்கள் என்று நண்பர்கள் சொல்வார்கள். பொதுவாக நல்ல யோசனைதான். ஆனால் மாற்றும் ஒவ்வொரு டாலரும் அந்த ஆண்டின் வருமானத்தில் ஏறும். வீட்டு வாடகையும் பங்கு விற்ற லாபமும் அப்படியே. டிசம்பரில் அவசரப்பட்டு எதையும் விற்பதற்கு முன் ஒரு போன் செய்யுங்கள்.

அடுத்து கோப்ரா. பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம், தொகையைக் கேட்டுப் பயப்படலாம். 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனமாக இருந்தால், விலகிய பிறகும் அதே காப்பீட்டை 18 மாதம் வரை வைத்துக்கொள்ளலாம். ஆனால் நிறுவனம் கட்டிவந்த பங்கையும் நீங்களே கட்ட வேண்டும், நிர்வாகச் செலவோடு சேர்த்து 102 சதவிகிதம் வரை. பாதிச் சிகிச்சையில் இருப்பவர்களுக்கும், அந்த ஆண்டின் டிடக்டபிளை (காப்பீடு செலவை ஏற்கும் முன் நீங்கள் கட்டும் தொகை) முன்பே கட்டி முடித்தவர்களுக்கும், 65-க்குச் சில மாதங்களே பாக்கியுள்ளவர்களுக்கும் அதுவே சரி. மற்றவர்கள் வேலைக் காப்பீடு முடிந்த 60 நாட்களுக்குள் மார்க்கெட்பிளேஸில் சேர்ந்துவிடுங்கள். நம் மாநிலத்தில் அதன் பெயர் கெட் கவர்டு என்.ஜே. கோப்ராவில் சேர்ந்துவிட்டு ஏப்ரலில் மனம் மாறி அதைக் கைவிட்டால், பெரும்பாலும் நவம்பரில் தொடங்கும் பதிவுக் காலம்வரை காத்திருக்க வேண்டியதுதான்.

இனி பிளான். 2026-இல் வருமானம் இருவருக்கு 52,875 டாலருக்குள் இருந்தால் யோசிக்காமல் சில்வர் எடுங்கள். அந்த வரம்புக்குள் சில்வரில் மட்டும் டிடக்டபிளும் கோபேயும் (ஒவ்வொரு முறை மருத்துவரைப் பார்க்கும்போதும் நீங்கள் கட்டும் பங்கு) குறையும். அதற்கு மேலே, மருத்துவரை அதிகம் பார்க்காதவர்களுக்கு பிரான்ஸ் போதும் என்பது என் கருத்து, கையில் சேமிப்பு இருந்தால் மட்டும். மோசமான ஆண்டில் நெட்வொர்க்குக்குள் (பிளானோடு ஒப்பந்தம் உள்ள மருத்துவர்கள், மருத்துவமனைகள்) உங்கள் கையிலிருந்து போகக்கூடிய உச்சத் தொகை 2026-இல் ஒருவருக்கு 10,600 டாலர் வரை, குடும்பத்துக்கு 21,200 வரை. அதைத் தாங்க முடியுமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் இதய மருத்துவர் அந்த நெட்வொர்க்கில் இருக்கிறாரா என்று அவர் அலுவலகத்துக்கே, பிளானின் முழுப் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். "அந்தக் கம்பெனி இன்சூரன்ஸ் எடுப்பீர்களா?" என்று கேட்டால் ஆம் என்றுதான் சொல்வார்கள். ஒரே நிறுவனத்துக்குப் பல நெட்வொர்க்குகள் உண்டு.

வருடத்தில் நான்கு மாதம் ஊரில் இருக்கிறவர்கள் கவனிக்க: இங்கே எடுக்கும் பிளான் அங்கே பெரும்பாலும் செல்லாது, அங்கே எடுத்த பாலிசி இங்கே உதவாது. இந்தியப் பாலிசியில், முன்பே உள்ள நோய்களுக்கு மூன்று ஆண்டு வரை காத்திருப்புக் காலம் வைக்கலாம். எடுப்பதாக இருந்தால் இப்போதே எடுங்கள்.

65 வயது நெருங்கும்போது இன்னொரு குழி இருக்கிறது. பிறந்த மாதத்துக்கு மூன்று மாதம் முன்பும் மூன்று மாதம் பின்பும் மெடிகேரில் சேரும் காலம். கோப்ரா இருக்கிறதே, மெதுவாகச் சேரலாம் என்று விட்டுவிடாதீர்கள். மெடிகேரின் பகுதி பி (மருத்துவர் செலவுக்கான பகுதி) விஷயத்தில் கோப்ரா வேலைக் காப்பீடாகக் கணக்கில் வராது. தாமதிக்கும் முழுதான ஒவ்வொரு 12 மாதத்துக்கும் பிரீமியத்தில் 10 சதவிகிதம் கூடும், அது ஆயுளுக்கும் போகாது.

எங்களுக்குக் கமிஷன் காப்பீட்டு நிறுவனம் தருகிறது. எங்கள் மூலம் எடுத்தாலும் நேரடியாக எடுத்தாலும் உங்கள் பிரீமியம் ஒன்றேதான். வேலையை விடும் தேதியை முடிவு செய்வதற்கு முன்பே வாருங்கள். போன ஆண்டு வரிக் கணக்கு, 401(கே) அறிக்கை, மருந்துப் பட்டியல், ஊர் வங்கிக் கணக்கு விவரம் ஆகியவற்றைக் கொண்டுவாருங்கள். இயன்றால் கணவனும் மனைவியும் சேர்ந்தே வாருங்கள். திருச்சி வைப்புத்தொகை யார் கைப்பையில் இருக்கிறது என்று முன்கூட்டியே சொல்ல முடிவதில்லை.

அன்புடன்,
உங்கள் வரி, காப்பீட்டு அலுவலகம்