மஞ்சள் இலையை இப்போதே கிள்ளாதே

கண்ணம்மா,

நீ அனுப்பிய படத்தை நன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தேன். மஞ்சளாகியிருப்பது அடி இலைகள்தான், கொழுந்து பச்சையாகவே இருக்கிறது. செடி சாகப்போகிறது என்று எழுதியிருந்தாய், எனக்கு அப்படித் தோன்றவில்லை. பெரும்பாலும் தழைச்சத்து, அதாவது நைட்ரஜன், போதவில்லை. மண்ணில் கிடைக்காததால் பழைய இலைகளில் இருக்கும் புரதத்தை உடைத்து, அதிலிருந்து வரும் தழைச்சத்தைக் கொழுந்துக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறது. இதுவே கொழுந்து வெளிறி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் இரும்புச்சத்தைத்தான் சந்தேகப்படுவேன், இரும்பு பழைய இலையை விட்டு அவ்வளவு எளிதில் நகராது.

மணிச்சத்து, அதாவது பாஸ்பரஸ், குறைந்தால் செடி செய்வதை எத்தனை முறை படித்தாலும் எனக்கு வியப்பு தீராது. உயிரணுவைச் சுற்றியிருக்கும் படலத்திலேயே மணிச்சத்து கலந்த கொழுப்பு நிறைய உண்டு. தட்டுப்பாடு வந்ததும் அந்தக் கொழுப்பைப் பிரித்து மணிச்சத்தை எடுத்துக்கொண்டு, அந்த இடத்தில் சர்க்கரை சேர்ந்த கொழுப்பையும் கந்தகம் சேர்ந்த கொழுப்பையும் வைக்கிறது. அட்லாண்டிக் பெருங்கடலின் ஒரு பகுதியான சர்காசோ கடலில் மணிச்சத்து மிகமிகக் குறைவு, அங்கே மிதக்கும் நுண்ணுயிர்களும் இதே கந்தகக் கொழுப்பை வைத்துத்தான் சமாளிக்கின்றன.

செடியும் பாசியும் இதில் எவ்வளவு நெருக்கம் தெரியுமா? மணிச்சத்து குறைந்ததும் எந்த மரபணுக்கள் வேலை செய்ய வேண்டும் என்று ஏவும் ஒரு புரதத்தை 1999இல் கிளாமிடோமோனாஸ் என்ற ஒற்றை உயிரணுப் பாசியில் கண்டுபிடித்தார்கள், 2001இல் ஆய்வுக்கூடங்களில் வளர்க்கும் அராபிடாப்சிஸ் என்ற சிறு செடியில் பார்த்தால் அதே குடும்பத்துப் புரதம். அப்புறம் அந்தப் பாசியின் இன்னொரு வேலை: ஒளிச்சேர்க்கையில் எலக்ட்ரானைக் கடத்த அதனிடம் செம்பு உள்ள ஒரு புரதம் இருக்கிறது, செம்பு கிடைக்காவிட்டால் அதை உடைத்துவிட்டு இரும்பு உள்ள வேறொரு புரதத்தை அந்த வேலைக்கு அமர்த்திவிடும். ஒளிச்சேர்க்கை நிற்காது.

சரி, உன் செடிக்கு வருகிறேன். மஞ்சள் இலைகளை இப்போதே கிள்ளாதே, உள்ளே இருப்பதைச் செடி இன்னும் எடுத்துக்கொண்டிருக்கும், காய்ந்து தானாக உதிரட்டும். மட்கிய உரம் கொஞ்சம் போடு. தழைச்சத்து குறைந்தால் செடி இலையைக் குறைத்து வேரைத்தான் வளர்க்கும், அதனால் தொட்டியின் அடித்துளை வழியாக வேர் எட்டிப் பார்க்கிறதா என்று பார்த்துச் சொல். அப்படியென்றால் பெரிய தொட்டிக்கு மாற்றிவிடலாம்.

அன்புடன்,
அம்மா