எங்க தெருவை "ரவுடி ஏரியா"ன்னு சொல்றதை நிறுத்தவும், லைட்டு ரோந்து வசதி கேட்டும் காரைக்குடியிலேருந்து கோரிக்கை மனு

பெறுநர்: மாவட்ட ஆட்சித்தலைவர் அவர்கள், சிவகங்கை.
அனுப்புநர்: காரைக்குடி மாநகராட்சிக்குள்ள இருக்கிற ஒரு தெருவோட பெண்கள்.

மதிப்புக்குரிய கலெக்டர் அவர்களுக்கு வணக்கம்.

எங்க தெருப் பேரை இந்த மனுவுல எழுதல. தனித்தாள்ல எழுதி மடிச்சு கவருக்குள்ள வச்சிருக்கோம், மனுவை முழுசா படிச்சிட்டு அப்புறமா அதைப் பிரிச்சுப் பாருங்கன்னு கேட்டுக்கிறோம். ஏன்னா அந்தப் பேரைக் கேட்டாலே காரைக்குடியில பாதிப் பேருக்கு முகம் மாறிடும், "ஓ, அங்கிட்டா"ன்னு ஒரு இழுப்பு இழுப்பாக, அதுக்கப்புறம் நாங்க என்ன சொன்னாலும் காதுல ஏறாது. கடன் கேட்டுப் போன எடத்துலயும் பாத்துட்டோம், கல்யாணப் பேச்சுலயும் பாத்துட்டோம். அதனால முதல்ல விஷயம், அப்புறம் பேரு.

எங்க தெருவையும் அதை ஒட்டியிருக்கிற சந்துகளையும் ஊருக்குள்ள "ரவுடி ஏரியா"ன்னு சொல்றாக. சிலபேரு கொஞ்சம் மரியாதையா "அது ஒரு மாதிரியான ஏரியா"ன்னு சொல்றாக, ரெண்டும் ஒண்ணுதான். இது வெறும் வாய்ப்பேச்சா இருந்தா நாங்க மனு எழுத உக்காந்திருக்க மாட்டோம். சாப்பாடு கொண்டுவர்ற டெலிவரி பையன் இருட்டிட்டா மெயின் ரோட்டுலயே நின்னுக்கிட்டு "அக்கா இங்க வந்து வாங்கிக்கங்க"ங்கிறான், பஸ் ஸ்டாண்டுலேருந்து ஆட்டோக்காரவுக வரமாட்டேங்கிறாக இல்லன்னா கூடக் கேக்குறாக, தையல் மிஷின் வாங்க லோன் கேட்டா விசாரிக்க வந்தவரு அட்ரஸைப் பாத்த உடனே "இது நெகட்டிவ் ஏரியாம்மா"ன்னு, அதாவது கடன் குடுக்கக்கூடாத ஏரியான்னு, சொல்லிட்டு வண்டியத் திருப்புறாரு, மகளிர் குழுவுல ஒரு தவணை தவறாம கட்டுன பாஸ்புக்கை கையில வச்சுக்கிட்டு நிக்கிறோம், அதை வாங்கிக்கூட பாக்கல. வேலை கிடைச்ச பயலுகளுக்கு போலீஸ் வெரிஃபிகேஷன் இழுத்துக்கிட்டே போகுது, அதுக்குள்ள அந்த வேலை வேற ஆளுக்குப் போயிடுது. பொண்ணு பாக்க வர்றவுக எங்க வீட்டுல உக்கார மாட்டோம், கொப்புடையம்மன் கோயில்ல வச்சுப் பாத்துக்கலாம்னு சொல்றாக. இதுக்கு மேல என்ன சொல்றது.

சரி, மோசமான ஏரியான்னு எதை வச்சு முடிவு பண்றாகன்னு தெரிஞ்சுக்கணும்னு எங்களுக்குத் தோணுச்சு. எங்க தெருப் பொண்ணுக சமையலுக்கு, வீட்டு வேலைக்கு, கடைக்கு, ஆஸ்பத்திரி ஆயா வேலைக்குன்னு ஊரு முழுக்க போறவுக, போற எடத்துல எல்லாம் பேச்சோட பேச்சா கேட்டு வந்தாக. ஒருத்தரு சொன்னது, பாலத்துக் கட்டையில பயலுக கும்பலா உக்காந்திருக்கானுக. இன்னொருத்தரு, ஷீட்டு போட்ட வீடா இருக்கு, சாக்கடை நாறுது. இன்னொருத்தரு, அஞ்சலி போஸ்டரும் ஃப்ளெக்ஸும் எந்நேரமும் ஒட்டியிருக்கு. ஒரு அம்மா, நாய் ஜாஸ்தி. ஒருத்தரு மட்டும் "அங்க இருக்கிற ஆளுக அப்படி"ன்னு ஆரம்பிச்சு, யாருகிட்ட பேசுறோம்னு ஞாபகம் வந்து பாதியில நிறுத்திட்டாரு. அந்த பாதி வாக்கியம்தான் மத்த எல்லாத்துக்கும் அடியில இருக்குன்னு எங்களுக்குத் தெரியும், எந்த சமூகம் குடியிருக்குன்னு பாத்துட்டுத்தான் அப்புறம் சாக்கடை நாத்தமே மூக்குல ஏறுது. உங்களுக்கு அங்க என்ன நடந்துச்சுன்னு திருப்பிக் கேட்டா, ஒருத்தருக்கும் ஒண்ணும் நடக்கல. ரொம்பப் பேரு உள்ள வந்ததே இல்ல. எல்லாரும் ஒரே ஒரு பழைய கொலையத்தான் சொல்றாக, அதுல செத்தவரும் எங்க தெரு இல்ல, வெட்டுனவனும் எங்க தெரு இல்ல, ஓடி வந்து விழுந்த எடம் மட்டும் எங்க தெரு முக்கு.

இன்னொண்ணும் கவனிச்சோம் கலெக்டர் அவர்களே. பயம்ங்கிறது ஆளுக்கு ஆளு வேற எடத்துல இருக்கு. ஆட்டோக்காரருக்கு எங்க தெருன்னா பயம். எங்க பயலுகளுக்கு எந்த எடத்துல போலீஸ் நிறுத்தி "எந்த ஏரியாடா"ன்னு கேக்குமோ அந்த செக்போஸ்ட்டுன்னா பயம். எங்க பொண்ணுகளுக்கு, ராத்திரி வேலை முடிஞ்சு நடந்து வர்றவுகளுக்கு, எங்க தெருவுக்குள்ள கால் வச்சிட்டா நிம்மதி, ஏன்னா 10 மணிக்கும் வாசல்ல ஆளு உக்காந்திருப்பாக, யாரு வந்தாலும் "யாருப்பா, யாரு வீட்டுக்கு"ன்னு ஒரு குரல் வரும். அவுக பயப்படுறது அதுக்கு முன்னாடி வர்ற பெரிய வீட்டுத் தெருவுலதான். இந்தப்பக்கத் தெருவுல முகப்பு, அடுத்த தெருவுல பின்வாசல்னு அம்மாம்பெரிய வீடுக, வரிசையா பூட்டிக்கிடக்கு, சொந்தக்காரவுக சென்னையிலயும் சிங்கப்பூர்லயும் இருக்காக, முன்னோரைக் கும்பிடுற படைப்புக்கும் கல்யாணத்துக்கும்தான் வளவுல, அதாவது வீட்டு நடு முத்தத்துல, வெளக்கு எரியும். மத்த நாள்ல இந்தக் கோடியிலேருந்து அந்தக் கோடி வரைக்கும் கூப்பிட்டா கேக்க ஆளில்ல. கதவு, நிலை, தூணு, மரச்சாமான்னு திருட்டுப் போறது அந்த மாதிரி பூட்டுன வீடுகளுலதான். ஆனா அது "ஹெரிட்டேஜ் ஏரியா", செட்டிநாட்டு ஊருகளை 2014ல யுனெஸ்கோவோட உலகப் பாரம்பரிய உத்தேசப் பட்டியல்ல சேத்திருக்காக, எங்களுக்கும் அதுல பெருமைதான். அந்த வீடுகளைக் கூட்டிப் பெருக்கி ஆத்தங்குடிக் கல்லைத் தொடச்சு வச்சிருக்கிறது எங்க தெருப் பொண்ணுக. வாட்ச்மேன் எங்க தெரு ஆளு. அந்த வீட்டு ஆச்சிமாரு ஊருக்குப் போறப்ப சாவிக்கொத்தைக் குடுத்துட்டுப் போறது எங்க வீட்டுலதான், இன்னைக்கும் எங்க தெருவுல பல வீட்டு ஆணியில அந்த சாவிக தொங்குது. வீட்டையே நம்பி ஒப்படைக்கலாம், ஆனா அந்த சாவி தொங்குற தெருவுக்குள்ள ஆட்டோ வராது. இதை எப்படி எடுத்துக்கிறதுன்னு எங்களுக்குப் புரியல.

எங்க தெருப் பொண்ணு ஒண்ணு அழகப்பா யுனிவர்சிட்டியில படிக்குது. அமெரிக்காவுல சிகாகோவுல ராபர்ட் சாம்ப்சன், ஸ்டீபன் ராடன்புஷ்னு ரெண்டு பேராசிரியருக பண்ணி 2004ல வெளிவந்த ஒரு ஆராய்ச்சியை அதுதான் எங்களுக்கு எடுத்துச் சொன்னுச்சு. அவுக தெருத்தெருவா வண்டியில மெதுவா போயி வீடியோ எடுத்து குப்பை எங்க கிடக்கு, யாரு குடிச்சிட்டு நிக்கிறா, சுவத்துல என்ன கிறுக்கியிருக்குன்னு எல்லாத்தையும் கணக்கெடுத்துருக்காக, அப்புறம் அங்க உள்ள ஜனங்ககிட்ட உங்க ஏரியா எவ்வளவு சீர்கெட்டிருக்குன்னு தனியா கேட்டிருக்காக, ரெண்டையும் ஒத்துப் பாத்தா, கறுப்பின மக்களும் ஏழைகளும் எந்த எடத்துல அதிகமா இருக்காகளோ அங்க, கண்ணுக்குத் தெரிஞ்ச குப்பையும் கூச்சலும் ஒரே அளவா இருந்தாக்கூட, ஜனங்க அதிகமா சீர்கேடு இருக்குன்னு சொல்லியிருக்காக. கறுப்பினத்தவுகளே கூட அப்படித்தான் சொல்லியிருக்காக. அதைக் கேட்டப்போ எங்க தெருப் பெரியவுக ஒருத்தரு "நம்ம பயலுகளே நம்ம தெருவ கேவலமா பேசுறானுகளே, அது இதுதானா"ன்னு கேட்டாரு.

எங்க தெருவுல ஒண்ணுமே நடக்கலன்னு நாங்க சொல்ல வரல. கஞ்சா விக்கிறாக. வெளியிலேருந்து பைக்குல வந்து விக்கிறாக, எங்க பயலுகளும் அதுல மாட்டுறானுக, வாங்குனவனைப் பிடிக்கிறாக, கொண்டுவந்தவனை விட்டுடுறாக. பக்கத்துல இருக்கிற டாஸ்மாக் கடை மத்தியானம் 12 மணிக்குத் திறந்து ராத்திரி 10 மணிக்கு மூடுது, ஊரு முழுக்க இருக்கிறவுக அங்க வாங்கிட்டு எங்க கண்மாய்க்கரையில வந்து உக்காந்து குடிக்கிறாக, பாட்டிலை உடச்சுப் போட்டுட்டு அவுக அவுக நல்ல ஏரியாவுக்குப் போயிடுறாக, காலையில கண்ணாடிச் சில்லைப் பொறுக்குறது எங்க பிள்ளைக. கண்மாய்க்கரையில உள்ள லைட்டு எரியறதில்ல. ஏன் போடலன்னு கேட்டா "போட்டா உங்காளுக ஒடச்சிருவாக"ன்னு பதில் வருது. லைட்டு இல்லாததுனால இருட்டு, இருட்டுனால குடிக்கூட்டம், குடிக்கூட்டத்தால கெட்ட பேரு, கெட்ட பேருனால லைட்டு இல்ல. இந்த சுத்துல எங்க நாங்க போயி நிக்கிறது?

போலீஸ் விஷயமும் சொல்லணும். திருவிழா, தலைவர்கள் குருபூஜை, தேர்தல்னு ஏதாச்சும் வந்தா முன்னாடி நாள் ராத்திரி எங்க தெருவுலேருந்து நாலு பயலுகள முன்னெச்சரிக்கைன்னு கூட்டிட்டுப் போறாக. ஒருதடவை பேரு ஏறிட்டா அப்புறம் எங்க என்ன நடந்தாலும் அதே பயதான். நாங்க படிக்காதவுக இல்ல, சட்டத்தையும் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டோம். 2024 மே 7ல சுப்ரீம் கோர்ட்டு அமானத்துல்லா கான் வழக்குல, பின்தங்கிய சமூகத்துல, ஏழைக் குடும்பத்துல பொறந்தவுகங்கிற ஒரே காரணத்துக்காக ஒண்ணும் தெரியாதவுக பேரை எந்திரம் மாதிரி ஹிஸ்டரி ஷீட்டுல, அதாவது போலீஸ் கண்காணிக்கிறவுக பேரை எழுதி வைக்கிற பதிவேட்டுல, ஏத்தக்கூடாது, அது போலீஸோட உள் ஆவணம், வெளியில விடக்கூடாது, எல்லா மாநிலமும் இதைக் கவனிக்கணும்னு சொல்லியிருக்கு. எங்க தாத்தா காலத்துல ரேகைச் சட்டம்னு ஒண்ணு இருந்துச்சு, 1871ல வெள்ளைக்காரன் போட்ட குற்றப்பரம்பரைச் சட்டம், 1911ல நம்ம சென்னை மாகாணத்துக்கும் வந்துச்சு, தப்பு பண்ணாத ஆளும் பொறந்த சாதிக்காக கைரேகை வச்சு ஸ்டேஷன்ல ஆஜர் சொல்லணும். 1947ல நம்ம மாகாணத்துல அதை எடுத்தாச்சு. சாதிக்குப் பதிலா இப்போ தெருவை வச்சு அதே வேலை நடக்கக்கூடாதுன்னுதான் கேக்குறோம். 2025 ஏப்ரல்ல முதலமைச்சர் சட்டசபையில "காலனி"ங்கிற சொல்லு தீண்டாமைக்கு அடையாளமா ஆயிடுச்சு, அதை அரசு ஆவணத்துலேருந்து எடுக்குறோம்னு அறிவிச்சாரு. எழுத்துல இருக்கிற பேரை அரசாங்கம் எடுக்க முடியும்னா, எழுதாம சொல்லிக்கிட்டிருக்கிற பேருக்கும் அரசாங்கத்தால ஏதாச்சும் செய்ய முடியும்னு நம்புறோம்.

நீங்கதான் மாவட்ட தேர்தல் அதிகாரியும். எங்க பூத்தை "பதற்றமான வாக்குச்சாவடி"ன்னு போடுறப்போ அதுக்கு ஒரு காரணமும் கணக்கும் இருக்கலாம், ஆனா மறுநாள் பேப்பர்ல அது "பதற்றமான பகுதி"ன்னு வருது, தேர்தல் முடிஞ்சும் அந்த வார்த்தை எங்க மேலயே ஒட்டிக்கிது. எந்தக் காரணத்துக்காக அப்படி வகைப்படுத்துனாகன்னு எங்களுக்கு எழுத்துல சொல்லணும், காரணம் இப்போ இல்லன்னா எடுத்துடணும். அதே மாதிரி செய்திக்குறிப்புல குற்றம் நடந்த எடத்தைச் சொல்றது வேற, "ரவுடிகள் நிறைந்த பகுதி"ன்னு எழுதுறது வேற, இந்த ரெண்டாவது நம்ம மாவட்டத்துல எந்த அரசு அலுவலகத்துலேருந்தும் வரக்கூடாதுன்னு ஒரு சுற்றறிக்கை அனுப்பணும்.

அப்புறம் கணக்கு. எஃப்ஐஆர் எல்லாம் 24 மணி நேரத்துல ஆன்லைன்ல ஏத்தணும்னு 2016லயே சுப்ரீம் கோர்ட்டு சொல்லிடுச்சு, பாலியல் குற்றம் மாதிரி சிலது தவிர. கடைசி 5 வருஷத்து எஃப்ஐஆரை எடுத்து, குற்றம் எந்தத் தெருவுல நடந்துச்சுன்னு தெரு வாரியா ஒரு கணக்கு போடச் சொல்லுங்க. பிடிபட்டவன் எந்தத் தெருக்காரன்ங்கிறதை இதோட போட்டுக் கொழப்ப வேண்டாம். எங்க தெருதான் முதல்ல வந்தா அதையும் ஒத்துக்கிறோம், அப்போ அதுக்கேத்த ரோந்தைக் குடுங்க, எங்களைத் தேடுற ரோந்து இல்ல, எங்களுக்காக சுத்துற ரோந்து. ராத்திரி ரோந்துல ஒரு பெண் போலீஸும் இருந்தா நாங்களே தகவல் சொல்லுவோம், கஞ்சா எந்த வழியா வருதுன்னு எங்களைவிட யாருக்குத் தெரியும்.

டெல்லியில ஜாகோரின்னு ஒரு பெண்கள் அமைப்பு, ராத்திரியில பொண்ணுகளையே கூட்டிட்டு தெருத்தெருவா நடந்து எங்க லைட்டு இல்ல, எங்க பயமா இருக்குன்னு குறிச்சு அரசாங்கத்துக்கு குடுத்திருக்காக. அதை இங்க செய்யலாம். நீங்களும் மாநகராட்சி கமிஷனரும் போலீஸ் அதிகாரியும் ஒரு நாள் ராத்திரி எங்களோட நடங்க, பூட்டுன வீட்டுத் தெருவுல ஆரம்பிச்சு எங்க தெரு வரைக்கும். மீனாட்சிபுரம் முத்துமாரியம்மன் மாசி பங்குனித் திருவிழாவுக்கு பால்குடத்தோட ஊரே நடக்குறப்போ யாரும் எந்த ஏரியான்னு பாக்குறதில்ல, அந்த மாதிரி சாதாரணமா நடந்து வாங்க, பந்தோபஸ்து வேண்டாம்.

லைட்டு கண்மாய்க்கரையில முதல்ல வேணும், அது எல்லாத்துக்கும் முன்னாடி. சாக்கடைக்கு மூடி, டாஸ்மாக் கடையை அங்கேருந்து மாத்துறது, மினி பஸ் எங்க முக்கு வரைக்கும் வர்றது, இதெல்லாம் அதுக்கப்புறம் ஒண்ணொண்ணா. நெகட்டிவ் ஏரியாங்கிற லிஸ்ட்டு விஷயத்தை மாவட்ட அளவு பேங்க் கூட்டத்துல நீங்க எழுப்பி, ஆளோட வரவு செலவைப் பாத்துக் கடன் குடுங்க, அட்ரஸைப் பாத்து முடிவு பண்ணாதீகன்னு சொல்லணும். ஹிஸ்டரி ஷீட்டுல இருக்கிற எங்க பயலுகள்ல பல வருஷமா எந்த வழக்கும் இல்லாதவுக பேரை மறுபரிசீலனை பண்ணச் சொல்லணும்.

திங்கக்கிழமை குறைதீர் கூட்டத்துக்கு நாங்க வந்தா ஒரு நாள் கூலி போயிடும், அதனால இந்த மனுவை ஆன்லைன்லயும் தபால்லயும் அனுப்புறோம். கையெழுத்துப் போட்டவுக பேரும் போன் நம்பரும் அந்தத் தனித்தாள்லயே இருக்கு. விசாரிக்க ஆளு அனுப்புறதா இருந்தா சாயங்காலம் 7 மணிக்கு மேல அனுப்புங்க, பகல்ல எல்லாரும் வேலைக்குப் போயிருப்போம்.

இப்படிக்கு,
தெருப் பெண்கள் அனைவரும்,
காரைக்குடி.