ரிப்போர்ட்ல டைமையும் வாரத்தையும் எழுதுங்க: கார்டிசோல் ஆராய்ச்சி பண்றவங்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம் டாக்டர், வணக்கம் சிஸ்டர்,

தென்னாப்பிரிக்காவுல இருக்குற டர்பன்ல இருந்து எழுதுறேன். கல்யாணமாகி கும்பகோணத்துல இருந்து இங்க வந்து 3 வருஷம் ஆகுது, இது எனக்குத் தலைப்பிள்ளை, 32 வாரம். எந்த கிளினிக்னு நான் சொல்லப் போறதில்ல, உங்களுக்கே தெரியும். போன செவ்வாய்க்கிழமை உங்க ஆராய்ச்சிக்காக, கார்டிசோல்ங்கிற ஸ்ட்ரெஸ் ஹார்மோன் எவ்வளவு இருக்குன்னு பாக்கணும்னு ரத்தம் எடுத்தீங்க. கையெழுத்து போட்டது நான்தான், நாளைக்கு நாலு பொண்ணுங்களுக்கு உதவும்னு மனசாரத்தான் போட்டேன்.

ஆனா அன்னிக்கு நான் விடிகாலை 4:30க்கே கிளம்பி, இருட்டுல டாக்ஸி ரேங்க்ல (இங்க டாக்ஸின்னா ஷேர் வேன்) நின்னு ரெண்டு டாக்ஸி மாறி வந்தா லைன்ல எனக்கு முன்னாடி 50 பேராவது இருக்காங்க, உக்கார பெஞ்ச் இல்ல, ஃபைலை வேற காணோம்னாங்க. கால் வீங்கி செருப்பு வார் பதிஞ்சுபோச்சு. 11:20க்குத்தான் கூப்பிட்டீங்க, நரம்பு கிடைக்கலன்னு 3 தடவை குத்துனாங்க. இத்தனைக்கும் அப்புறம் எடுத்த ரத்தத்துல கார்டிசோல் ஏறாம இருக்குமா?

வியாழக்கிழமை கையில ஒரு பேப்பர். 'ஹை'ன்னு வட்டம் போட்டிருக்கு. எத்தனை மணிக்கு எடுத்தது, எத்தனாவது வாரம், ஒண்ணும் இல்ல. "ஸ்ட்ரெஸ் ஆகாதீங்க, பேபிக்கு நல்லதில்ல"ன்னு சொல்லி அனுப்பிட்டீங்க. அதை என் மாமியார் பாத்துட்டாங்க. "இந்த வீட்டுல உனக்கு என்னம்மா குறை வெச்சோம்?"னு கேட்டுட்டு எந்திரிச்சுப் போயிட்டாங்க. அன்னிக்கு ராத்திரி பூரா இடது பக்கமா படுத்து பிள்ளை உதைக்கிறதை எண்ணிக்கிட்டே இருந்தேன். 14 வரைக்கும் எண்ணினேன், அப்பவும் பயம் போகல.

கர்ப்பத்துல கார்டிசோல் தன்னால ஏறும், கடைசி மாசங்கள்ல ரெண்டு மூணு மடங்குகூட ஆகும், அதைத் தூண்டுற ஹார்மோனை நஞ்சுக்கொடியே சுரக்குது, அதே நஞ்சுக்கொடிதான் அம்மாவோட கார்டிசோல்ல பெரும்பகுதியை கார்டிசோன்ங்கிற வீரியமில்லாத வடிவமா மாத்தி பிள்ளையைக் காப்பாத்துது. இது எல்லாம் உங்களுக்குத் தெரியும், என்கிட்ட ஏன் சொல்லல? தூங்கி எழுந்து அரை மணி நேரத்துல உச்சம், நடுராத்திரி ரொம்பக் கம்மி, அப்படி மாறுற ஒண்ணுக்கு டைம் எழுதலன்னா அந்த நம்பருக்கு என்ன அர்த்தம்? 2001ல நியூயார்க் தாக்குதல்ல மாட்டின கர்ப்பிணிகள்ல அந்த அதிர்ச்சியால மனநோய் (PTSD) வந்தவங்களுக்கு பின்னாடி எச்சில்ல அளந்தப்ப கார்டிசோல் கம்மியாத்தான் இருந்துச்சாம். அப்ப ஹைன்னா கவலைன்னு எப்படி ஒரே வார்த்தையில முடிவு கட்டினீங்க?

எச்சில் எடுக்குற குழாயை வீட்டுக்குக் குடுங்க. எழுந்ததும், அரை மணி கழிச்சு, படுக்கப்போறப்ப, பல் தேய்க்காம சாப்பிடாம எடுத்து டைம் எழுதித் தர்றோம். இல்ல முடியை எடுங்க, அதுலயும் கார்டிசோல் படியும், மாசத்துக்கு ஏறக்குறைய 1 சென்டிமீட்டர் வளருது, 3 சென்டிமீட்டர் இருந்தா 3 மாசக் கதை தெரியும், ஊசியே வேணாம்.

வர்ற பொண்ணுங்க எல்லாருக்கும் டென்ஷன் ஆகாதேன்னு புத்தி சொல்றீங்க, எத்தனை மணி நேரம் நின்னோம்னு எழுத உங்க ஃபார்ம்ல ஒரு கட்டம்கூட இல்ல. அந்தச் சுவர் ஓரமா நாலு பெஞ்ச் போட்டா எங்க பாதி ஸ்ட்ரெஸ் குறையும்.

கோவத்துல ஏதாவது அதிகமா பேசியிருந்தா மன்னிச்சுக்கங்க. அடுத்த செவ்வாய் வரச் சொல்லியிருக்கீங்க, வர்றேன். தயவுசெஞ்சு அந்தப் பேப்பர்ல டைமையும் வாரத்தையும் எழுதி, 32 வாரத்துக்கு எது சாதாரண அளவுன்னும் போட்டு ஒரு காப்பி குடுங்க. என் மாமியார்கிட்ட காட்டணும்.